கார் விலை பேச எந்த வழி: நேரில் பேரமா, எழுத்தில் போட்டியா, ஒரே விலைக் கடையா, தரகரா?

புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?" மாடல், நிறம், பெட்ரோலா மின்சாரமா எல்லாம் முடிவாகியிருக்கும். விலை பேசுவதுதான் பாக்கி. அங்கேதான் தயக்கம். டீலர் தினமும் கார் விற்கிறவர். நாம் எட்டு வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ ஒருமுறை வாங்குகிறவர்கள். நமக்குப் பழக்கமில்லாத வேலையில் அவர் கை தேர்ந்தவர்.

எவ்வளவு குறைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வழியில் விலை பேசப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் தங்கை பழைய காரைக் கொடுத்துப் புதிது எடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். விற்பனையாளர் மரியாதையான இளைஞர். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலு கட்டமாக்கினார். ஒன்றில் கார் விலை, ஒன்றில் பழைய காரின் மதிப்பு, ஒன்றில் முன்பணம், கடைசியில் மாதத் தவணை. பேனாவைக் கடைசிக் கட்டத்தில் ஊன்றிக்கொண்டு, "மாசம் எவ்வளவுன்னா உங்களுக்கு வசதி மேடம்?" என்றார். தங்கை ஒரு தொகை சொன்னாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது. கார் விலை எழுதிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. பழைய காரின் மதிப்பு ஏறியது, உடனே தள்ளுபடி இறங்கியது. தவணை குறைந்தது, கட்டும் வருடம் கூடியது. ஒவ்வொரு கட்டத்திலும் அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் அசையவே இல்லை.

அன்று அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்தோம். பிறகு வேறு வழியில் வாங்கினோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம். சாவியை வாங்கி வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வரும்வரை நாம் கட்டும் எல்லாம் அதில் அடக்கம்: கார் விலை, வரி, பதிவு, காப்பீடு, டீலர் சேர்க்கும் கட்டணங்கள், ஆக்சஸரிஸ். தள்ளுபடித் தொகையை மட்டும் வைத்து ஒரு டீலரை இன்னொருவரோடு ஒப்பிடுவது பெரிய தவறு. கணக்குக்காகக் காரின் ஷோரூம் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் டீலர் 6 தள்ளுபடி தருகிறார். வரியும் பதிவும் 15, காப்பீடு 5, ஆக்சஸரிஸ் பேக் 4, கையாளும் கட்டணம் 1. மொத்தம் 119. இரண்டாவது டீலர் 3தான் தள்ளுபடி தருகிறார். வரியும் பதிவும் அதே 15, காப்பீடு 4, வேறு எதுவும் இல்லை. மொத்தம் 116. பாதித் தள்ளுபடி தந்தவரிடம் வாங்குவதுதான் மலிவு.

இரண்டாவது, சொன்ன விலை கடைசிவரை நிற்குமா என்பது. வாய் வார்த்தையாகச் சொன்ன விலைக்கும் எழுதிக் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் டெலிவரி அன்று தெரியும்.

மூன்றாவது, எழுந்து போக முடிகிறதா என்பது. பேரத்தில் நமக்கு இருக்கும் ஒரே பலம் "வேண்டாம்" என்று சொல்ல முடிவதுதான். எந்த வழி அதைச் சுலபமாக்குகிறதோ அது நமக்கு நல்லது. மிச்சம் இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும்: செலவாகும் நேரமும் மன உளைச்சலும் ஒன்று, வாங்கிய பிறகு அந்த டீலரோடு நம் உறவு எப்படி இருக்கும் என்பது இன்னொன்று.

## நியாயமான விலை என்றால்

டீலருக்குக் காசு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று தெரிந்தால், எங்கே அவர் இறங்கி வருவார், எங்கே வரமாட்டார் என்பது புரியும். கார் விற்பதில் கிடைக்கும் லாபம் ஒரு பங்குதான். கடன் ஏற்பாடு செய்து கொடுத்தால் கடன் தரும் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வருகிறது. காப்பீட்டிலும் கூடுதல் வாரண்டியிலும் ஒரு பங்கு வருகிறது. சீட் கவர், பெயின்ட் கோட்டிங் மாதிரியான சமாச்சாரங்களில் லாபத்தின் சதவீதம் காரைவிட அதிகம். எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் பழைய காரை மறுபடி விற்றால் அதிலும் லாபம். சர்வீஸ் வருமானம் தனி. இதற்கெல்லாம் மேலே, இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று தயாரிப்பாளர் இலக்கு வைத்து ஊக்கத்தொகை தருவதும் உண்டு. மாதக் கடைசியிலோ காலாண்டுக் கடைசியிலோ இலக்குக்கு ஒரு வண்டி குறைந்தால், அந்த ஒரு வண்டியை நஷ்டத்துக்கு விற்றாலும் டீலருக்குக் கட்டுபடியாகும்.

இன்னொரு விஷயம், ஷோரூமில் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் டீலர் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருக்கிறார். வண்டி நிற்க நிற்க வட்டி ஏறும். அதனால் மூன்று மாதமாகத் தூசி படிந்து நிற்கும் வண்டிக்கு ஒரு விலையும், நேற்று வந்து இன்றே போகும் வண்டிக்கு இன்னொரு விலையும் இருப்பது இயல்பு.

ஆக, நியாயமான விலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதே மாடல், அதே வேரியன்ட், அதே தயாரிப்பு ஆண்டு வண்டியை இந்த வாரம் இரண்டு மூன்று டீலர்கள் என்ன மொத்தத் தொகைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதுதான் நியாய விலைக்கு நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. அடிமாட்டு விலைக்குக் கேட்டு டீலரை நோகடிக்கத் தேவையில்லை. அவரும் சம்பளம் கொடுத்து, வாடகை கட்டிக் கடை நடத்த வேண்டும். நாம் கேட்பதெல்லாம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் விலை நமக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான்.

## முதல் வழி: ஷோரூமில் உட்கார்ந்து நேரில் பேரம்

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் எடுக்கும் வழி இது. நல்லது இல்லாமல் இல்லை. வண்டியைத் தொட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, அன்றே பேசி முடிக்கலாம். ஸ்டாக்கில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட வண்டியைக் காட்டி, "இதை எடுத்துக்கிறேன், என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க முடிவது நேரில்தான். மாதத்தின் கடைசி இரண்டு நாளில், மேனேஜரே முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, எழுத்தில் கிடைக்காத விலை சில சமயம் நேரில் விழும்.

ஆனால் இது அவர்களுடைய மைதானம். டெஸ்ட் டிரைவ் முடிந்து, குழந்தைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இந்தக் கலரே எடுக்கலாம்ப்பா" என்று சொன்ன பிறகு எழுந்து போவது லேசில்லை. "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று உள்ளே போனவர் இருபது நிமிடம் வரமாட்டார். அந்த இருபது நிமிடமும் நம் பொறுமையைக் கரைக்கும். செலவழித்த நேரமே ஒரு பாரமாக ஏறி, இவ்வளவு நேரம் உட்கார்ந்தாச்சு, முடித்துவிட்டே போவோம் என்று தோன்றும். இந்த வழியின் மறைமுகச் செலவே அந்தக் களைப்புதான். விலை படிந்த பிறகு கூடுதல் வாரண்டி, கோட்டிங், ஆக்சஸரிஸ் என்று ஒவ்வொன்றாக வரும்போது, அரைமனதோடு தலையாட்டிவிடுவோம். கார் விலையில் விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நேரில் பேசும்போது விலை முகத்தைப் பார்த்து மாறலாம். அமெரிக்காவில் இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோ வட்டாரத்தில் இதைச் சோதித்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்து, ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியில் உள்ள இருவரையும் ஒரே டீலரிடம் தனித்தனியாக அனுப்பினார்கள். இப்படி 300க்கும் மேற்பட்ட சோதனைகள். எல்லோரும் அதே காரை, அதே வார்த்தைகளில்தான் பேரம் பேசினார்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலை மற்ற எல்லோருக்கும் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. பேசும் திறமையில் எந்த வித்தியாசமும் இல்லாமலேயே இப்படி. பேரத்தில் தோற்றுவிட்டோம் என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இரண்டாவது வழி: எழுத்தில் விலை கேட்டுப் போட்டியில் விடுவது

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெஸ்ட் டிரைவ் மட்டும் நேரில் போய் முடித்துக்கொள்ள வேண்டும். அன்று விலைப் பேச்சே எடுக்கக் கூடாது. "இன்னும் முடிவு பண்ணலை, பண்ணினதும் சொல்றேன்" என்று வந்துவிடலாம். பிறகு வீட்டில் உட்கார்ந்து, ஓட்டிப் போகும் தூரத்தில் உள்ள மூன்று நான்கு டீலர்களுக்கு ஒரே செய்தியை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்ப வேண்டும். தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வணக்கம். இந்த மாடல், இந்த வேரியன்ட், இந்த நிறத்தில் இந்த மாதத்துக்குள் வாங்க முடிவு செய்திருக்கிறேன். வேறு டீலர்களிடமும் கேட்டிருக்கிறேன். வண்டியை எடுத்துப் போக நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வரி, பதிவு, காப்பீடு, கட்டணங்கள் என்று பிரித்து எழுதி அனுப்புங்கள். தள்ளுபடிக்கு ஏதாவது நிபந்தனை இருந்தால் குறிப்பிடுங்கள். வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் சொல்லுங்கள். நான் கேட்காத ஆக்சஸரிஸ் எதையும் சேர்க்க வேண்டாம். குறைந்த மொத்தத் தொகை தருகிறவரிடம் வாங்குவேன்."

பழைய கார் பற்றியும் கடன் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை வந்தால் அந்த நாலு கட்டத்தாள் மறுபடி வந்துவிடும்.

பதில்கள் ஒரே மாதிரி வராது. ஒருவர் அழகாகப் பிரித்து அனுப்புவார். ஒருவர் தொகையே சொல்லாமல், "நேரில் வாங்க மேடம், நல்லா பண்ணித் தர்றோம்" என்பார். இன்னொருவர் நம்ப முடியாத குறைந்த விலை ஒன்றை அனுப்புவார். நேரில் வரச் சொல்கிறவரிடம் இன்னொருமுறை கேட்கலாம். எழுதித் தர மறுத்தால் விட்டுவிடலாம். வந்ததில் குறைந்த மொத்தத்தை மற்றவர்களுக்குக் காட்டி, "இதைவிடக் குறைக்க முடியுமா?" என்று ஒரே ஒரு சுற்றுக் கேட்க வேண்டும். நாலு முறை ஏலம் விட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள். அதோடு, பொய்த் தொகை சொல்லி நூல் விட்டுப் பார்க்கவும் கூடாது. "அந்த விலைப்பட்டியலைக் காட்டுங்க" என்றால் முழிக்க வேண்டிவரும்.

இதனால் பலன் உண்டா? கார் விற்பனையில் இணையம் நுழைந்த காலத்தில், 2001இல் அமெரிக்காவில் ஃபியோனா ஸ்காட் மார்ட்டன், ஃப்ளோரியன் செட்டல்மேயர், ஜார்ஜ் சில்வா ரிஸ்ஸோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வாங்க விரும்புகிறவரை டீலரோடு இணைத்துவிடும் இணையப் பரிந்துரைத் தளம் வழியாக டீலரை அணுகியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 2 சதவீதம் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். அதே குழுவின் பிந்தைய ஆய்வில், நேரில் வாங்கும்போது அதிகம் கொடுத்த சிறுபான்மை இனத்தவருக்கு இணைய வழியில் அந்தக் கூடுதல் விலை ஏறக்குறைய மறைந்துபோனது. நேருக்கு நேர் கறாராகப் பேச வராதவர்களுக்கு எழுத்து பெரிய துணை. குரல் நடுங்குவதும் தயங்குவதும் எழுத்தில் தெரியாது.

மறைமுகச் செலவுகள் இதிலும் உண்டு. முதலாவது, போன் தொல்லை. நம்பர் கொடுத்த நாளிலிருந்து விற்பனை ஆட்கள் விடாமல் கூப்பிடுவார்கள். வாங்கி முடித்த பிறகும் கூப்பிடுவார்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, நிபந்தனைத் தள்ளுபடி. எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால், அதே நிறுவனத்தின் கார் ஏற்கனவே வைத்திருந்தால், குறிப்பிட்ட இடத்தில் வேலை செய்தால் என்று நமக்குப் பொருந்தாத எல்லாத் தள்ளுபடியையும் கழித்து ஒரு தொகை அனுப்புவார்கள். அந்த நம்ப முடியாத விலை பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது, போன வருடத் தயாரிப்பு. தள்ளுபடி தாராளமாக இருக்கும். ஆனால் பின்னாளில் விற்கும்போது ஒரு வயது கூடக் கணக்காகும். பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிறவருக்கு அந்தத் தள்ளுபடி மறுவிற்பனையில் போய்விடும்.

## மூன்றாவது வழி: ஒரே விலைக் கடை

ஒட்டியிருக்கும் விலைதான், எல்லோருக்கும் அதேதான் என்று விற்கிறவர்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990இல் விற்கத் தொடங்கிய சாட்டர்ன் கார்கள் பேரமில்லாத விலைக்காகவே பேர் வாங்கியவை. அந்த பிராண்டு 2010இல் நின்றுபோனது. இன்று டெஸ்லா டீலரே இல்லாமல் இணையத்தில் போட்ட விலைக்கு விற்கிறது.

மன அமைதி வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடியும். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிடக் குறைவாக வாங்கினாரோ என்ற உறுத்தலும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒரே விலை என்பதும் குறைந்த விலை என்பதும் ஒன்றில்லை. கார் விலையில்தான் பேரம் கிடையாது; பழைய காருக்கு என்ன தருகிறார்கள், கடனுக்கு என்ன வட்டி, எந்தக் கூடுதல் பொருளைத் தலையில் கட்டுகிறார்கள் என்பவற்றில் எல்லாம் வித்தியாசம் இருக்கலாம். மாறாத விலை என்றும் சொல்ல முடியாது. 2023 தொடக்கத்தில் டெஸ்லா பல நாடுகளில் விலையைக் குறைத்தபோது, சற்று முன்னால் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் சீனாவில் ஷோரூம்களில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

விலை ஒட்டியிருப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1958இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை ஒட்டப்பட வேண்டும். செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்தது. அந்த விலை ஒரு பரிந்துரைதான், டீலரைக் கட்டுப்படுத்தாது. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் வண்டிகள் கிடைக்காதபோது அங்கே டீலர்கள் ஒட்டிய விலைக்கு மேலேயே கேட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒட்டிய விலைக்கே விற்கும் கடை கிடைத்தால் அதுவே லாபம்.

## நான்காவது வழி: தரகர்

நமக்காக விலை பேசித் தருகிற ஆள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவருக்குக் கூலி யார் தருகிறார்கள்? நாம் கொடுக்கும் நிலையான கட்டணத்தில் வேலை செய்கிறவர் நம் பக்கம் நிற்பார். டீலரிடம் கமிஷன் வாங்குகிறவர் கமிஷன் தரும் டீலரிடம்தான் கூட்டிப் போவார், அந்தக் கமிஷனும் நம் விலையில்தான் ஏறியிருக்கும். நேரமே இல்லாதவருக்கும், எளிதில் கிடைக்காத வேரியன்டைத் தேடுகிறவருக்கும் இது உதவும். சாதாரணமாகக் கிடைக்கும் மாடலுக்கு, அவர் செய்யும் வேலையை மேலே சொன்ன செய்தியே செய்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | நேரில் பேரம் | எழுத்தில் போட்டி | ஒரே விலை | தரகர் |
|---|---|---|---|---|
| மொத்தத் தொகை | பேசுபவரைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | நடுத்தரம் | கட்டணம் சேர்த்தால் நடுத்தரம் |
| சொன்ன விலை நிற்குமா | எழுதி வாங்கினால் மட்டும் | நிற்கும் | நிற்கும் | தரகரைப் பொறுத்தது |
| எழுந்து போவது | கடினம் | சுலபம் | சுலபம் | சுலபம் |
| நேரம் | ஒரே நாள், ஆனால் பல மணி நேரம் | ஒரு வாரம், சிறிது சிறிதாக | அரை மணி நேரம் | மிகக் குறைவு |
| மறைமுகச் செலவு | களைப்பில் தலையாட்டுவது | நிபந்தனைத் தள்ளுபடி, போன் தொல்லை | எக்ஸ்சேஞ்ச், கடன் வட்டி | கமிஷன் |
| யாருக்கு | ஸ்டாக் வண்டி எடுப்பவருக்கு, மாதக் கடைசியில் | பெரும்பாலானவர்களுக்கு | பேரமே பிடிக்காதவருக்கு, தட்டுப்பாட்டுக் காலத்தில் | நேரமில்லாதவருக்கு |

## எந்த வழியில் போனாலும் வரும் இரண்டு கேள்விகள்

பழைய காரை டீலரிடம் கொடுப்பதா, வெளியே விற்பதா? வெளியே விற்றால் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் விளம்பரம் கொடுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வண்டியைக் காட்டி, பெயர் மாற்றம் முடிகிற வரை பின்னாலேயே அலைய வேண்டும். டீலரிடம் கொடுத்தால் அன்றே தலைவலி தீரும். சில நாடுகளில், மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் புதுக் காருக்கு வரி. அங்கே டீலர் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் கணக்கு சரியாகிவிடலாம். எப்படியானாலும், புதுக் காரின் மொத்தத் தொகை எழுத்தில் வந்த பிறகுதான் பழைய காரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் பழைய கார் வாங்குகிற இரண்டு இடங்களில் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டீலர் ஏற்பாடு செய்யும் கடனா, வங்கிக் கடனா? ஷோரூமுக்குப் போகும் முன்பே ஒரு வங்கியிடம் வட்டி கேட்டு வைத்துக்கொண்டால், டீலர் சொல்வது நல்லதா கெட்டதா என்று உடனே தெரியும். டீலர் அதைவிடக் குறைத்துத் தந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மாதத் தவணை மட்டும் கண்ணை மறைத்துவிடக் கூடாது. 100 கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால், 5 வருடத் தவணை மாதம் 2.12; மொத்தம் கட்டுவது 127.5. அதையே 7 வருடமாக்கினால் மாதம் 1.66தான், பார்க்க இனிப்பாக இருக்கும், மொத்தம் 139.5. "வட்டி 6 சதவீதம்தான் சார்" என்றால், நிலையான வட்டியா (கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி) குறையும் நிலுவைக்கான வட்டியா (கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 5 வருடத்துக்கு 6 சதவீத நிலையான வட்டி என்பது குறையும் நிலுவைக் கணக்கில் 11 சதவீதத்தை நெருங்கும்.

வட்டியில்லாக் கடனா, ரொக்கத் தள்ளுபடியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் உண்டு. 100 விலையுள்ள காரை 36 மாதம் வட்டியில்லாமல் கட்டினால் மாதம் 2.78. வட்டியில்லாக் கடன் வேண்டாமென்று 8 தள்ளுபடி வாங்கி, மீதி 92க்கு வங்கியில் 9 சதவீதத்தில் கடன் எடுத்தால் மாதம் 2.93. வட்டியில்லாக் கடனே மேல். தள்ளுபடி 15 என்றால் மாதம் 2.70 ஆகி, தள்ளுபடி மேல் என்று ஆகிவிடும். இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் தள்ளுபடி 12.7 அளவில் வரும். ரொக்கமாகவே வாங்க முடிகிறவர், அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் என்ன வட்டி வரும் என்பதை 9 சதவீதத்துக்குப் பதிலாகப் போட்டுப் பார்க்க வேண்டும். போனில் உள்ள தவணைக் கணிப்பானில் இரண்டு நிமிட வேலை.

## நீங்கள் எந்தப் பக்கம்

மாடல் தாராளமாகக் கிடைக்கிறது, ஒரு வாரம் பொறுக்க முடியும், சுற்றுவட்டாரத்தில் ஒன்றுக்கு மேல் டீலர்கள் இருக்கிறார்கள் என்றால் எழுத்தில் கேளுங்கள். ஒரே ஒரு டீலர்தான் இருக்கிறார் என்றால் போட்டிக்கு ஆளில்லை. இன்னொரு நிறுவனத்தின் இணையான காருக்கு விலைப்பட்டியல் வாங்கி வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள். அப்போது "இல்லேன்னா அதை எடுத்துக்கிறேன்" என்பதை மனதாரச் சொல்ல முடிய வேண்டும், அந்தக் காரும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் உள்ள புது மாடலுக்கு விலை குறையாது. அங்கே ஆக்சஸரிஸ், காப்பீடு, கையாளும் கட்டணம் ஆகியவற்றை நீக்கச் சொல்வதில்தான் மிச்சம் பிடிக்க முடியும். பழைய கார் திடீரென்று நின்றுபோய் நாளைக்கே வண்டி வேண்டும் என்கிறவர் ஒரே விலைக் கடைக்குப் போவது நல்லது. அவசரத்தில் இருக்கிறவர் பேரத்துக்கு உட்காரக் கூடாது.

பக்கத்து டீலர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். சர்வீஸுக்குப் பொதுவாக அதே நிறுவனத்தின் எந்த அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கும் போகலாம், வாரண்டியும் தயாரிப்பாளர் தருவதுதான். ஆனாலும் பதிவில் ஒரு எழுத்துப் பிழை, வராத இரண்டாவது சாவி மாதிரியான சின்ன வேலைகளுக்கு வாங்கிய இடத்துக்குத்தான் ஓட வேண்டும். அரை சதவீத வித்தியாசத்துக்காக இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் வாங்குவதை நான் செய்யமாட்டேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், எழுதித் தந்த மொத்தத் தொகை, வண்டியின் தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, தேதி தவறினால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா ஆகிய நாலும் ரசீதிலோ செய்தியிலோ பதிவாகியிருக்க வேண்டும். மீதிப் பணத்தை வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, ஓடிய கிலோமீட்டரையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்த்த பிறகு கட்டுங்கள்.

தங்கைக்கு வந்த மூன்று விலைப்பட்டியல்களில் நடுவில் இருந்ததைத்தான் எடுத்தோம். மிகக் குறைவாக அனுப்பியவரின் கணக்கில் அவளுக்குப் பொருந்தாத ஒரு தள்ளுபடி இருந்தது. டெலிவரி அன்று கவுன்டரில் நீட்டிய பில்லில், எழுதித் தந்த பட்டியலில் இல்லாத "ஆவணக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. போனில் அந்தச் செய்தியைத் திறந்து, மேஜை மேல் பில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். கணக்காளர் இரண்டையும் பார்த்தார், உள்ளே ஒரு போன் போட்டார், பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு பில் எடுக்கச் சொன்னார். புது பில் கைக்கு வந்த பிறகுதான் அவள் மீதிப் பணத்தை அனுப்பினாள்.